வெள்ளைத் துணியில் நடந்த நடை

எனக்கு உள்ளங்கை வியர்க்கும். மழை, வெயில் என்று பேதமில்லை. பரீட்சைத் தாளுக்கு அடியில் கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டு எழுதியவன் நான். யாராவது கை குலுக்க வந்தால் இரண்டு கையிலும் எதையாவது தூக்கிக்கொண்டு நின்றுவிடுவேன். இப்படிப்பட்டவனுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள்: முன்பின் தெரியாத மனிதர்களின் இடுப்பிலும் முழங்காலிலும் கணுக்காலிலும் சின்னச் சின்ன உருண்டைகளை ஒட்டுவது.

சென்னையில் ஓர் ஆய்வுக்கூடம். மனிதர் நடப்பதை அளப்பதுதான் அங்கே வேலை. மூட்டுகளின் மேல், வெளிச்சம் பட்டால் மின்னும் உருண்டைகளை ஒட்டிவிட்டு, சுற்றிலும் கேமரா வைத்து நடக்கச் சொல்வோம். கம்ப்யூட்டர் ஆளை விட்டுவிட்டு அந்த மின்னும் புள்ளிகளை மட்டும் பின்தொடரும். எடுத்து வைக்கும் எட்டு எவ்வளவு நீளம், முழங்கால் எவ்வளவு மடங்குகிறது, எந்தக் கால் தரையில் அதிக நேரம் நிற்கிறது, எல்லாம் கணக்காக வந்துவிடும். ஆனால் உருண்டை சரியான எலும்பின் மேல் உட்கார வேண்டும். அதற்கு விரலால் அழுத்தி எலும்பைத் தேட வேண்டும். என் ஈரக் கை பட்டதும் வந்தவர்கள் உடம்பைச் சற்று இழுத்துக்கொள்வார்கள். ஓர் அம்மாள் நான் தொட்ட இடத்தை என் கண்ணெதிரிலேயே புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டார். அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால்தான், உடம்பில் எதையும் ஒட்டாமல் வெறும் வீடியோவை வைத்தே நடையை அளக்கலாம் என்று பேச்சு வந்தபோது முதல் ஆளாக முன்வந்தேன். இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. வெளிநாடுகளில் அங்கங்கே முயன்றுகொண்டிருந்தார்கள். அறிவியலுக்குப் பெரிய தொண்டு செய்யப் போகிறவன் மாதிரி எல்லாரிடமும் பேசித் திரிந்தேன். யாரையும் தொடாமல் பிழைக்க ஒரு வழி கிடைத்ததே என்ற சந்தோஷம்தான் உள்ளே இருந்தது.

வழி எளிது. முதலில் ஆளில்லாத இடத்தைப் படம் பிடிக்க வேண்டும். பிறகு அதே இடத்தில் ஆளை நடக்கவிட்டுப் பிடிக்க வேண்டும். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் மிஞ்சுவது ஆள். அந்த உருவத்தின் ஓரங்களை வைத்து இடுப்பு எங்கே, முழங்கால் எங்கே என்று கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கும். என்னிடம் இன்றும் அந்தக் காலத்து கேசட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. அவற்றில் பாதிக்கு மேல் யாருமில்லாத இடங்கள்தான்.

என் வழிகாட்டிப் பேராசிரியர், மேடும் பள்ளமுமாகவே காலமெல்லாம் நடக்கிறவர்களை அளந்து வா என்று கொல்லிமலைக்கு அனுப்பினார். எனக்கு மறுப்பேதும் இல்லை. அப்பா அம்மா போய்ச் சேர்ந்திருந்தார்கள். ராசிபுரம் பக்கத்தில் அண்ணன் வீடு இருந்தது. போனால் சாப்பாடு உண்டு, பேச்சு கிடையாது. முப்பது வயதில் நான் எங்கே இருக்கிறேன் என்று கேட்க ஓர் ஆள் இல்லை. காரவள்ளியில் பஸ் மாறி, கேமரா ஸ்டாண்டைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு, கொண்டை ஊசி வளைவுக்கு வளைவு அது தாடையில் இடிக்க இடிக்க மேலே போய்ச் சேர்ந்தேன்.

வளப்பூர் நாடு என்று மலைக்காரர்கள் சொல்லும் ஊர்க்கூட்டத்தில், பஸ் நிற்கும் டீக்கடையிலிருந்து ஒற்றையடிப் பாதையில் கால் மணி நேரம் ஏறினால் ஒரு வீடு. அதில் ஓர் அறையை எனக்கு விட்டவர் மிளகு பறிக்கிறவர். நாற்பது வயது இருக்கும். மனைவி இறந்து நாலு வருடம். பிள்ளைகள் இல்லை. அடிவாரத்தில் ஒரு தங்கை மட்டும் உண்டு. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி உச்சிவரை போகும். ஒற்றை மூங்கிலில் கணு கணுவாய் மிதி வைத்த ஏணியைச் சாய்த்து, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு ஏறிப் பறிக்க வேண்டும். அந்த வட்டாரத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அவர் வாயாலேயே முதல் நாளே சொல்லிவிட்டார். அடக்கமெல்லாம் அவருக்குத் தெரியாத சமாச்சாரம். எனக்கு அது பிடித்திருந்தது.

போன பருவத்தில் அவர் மரத்திலிருந்து விழுந்திருந்தார். இடுப்பில் அடி. இரண்டு மாதம் படுக்கை. எழுந்து நடமாடிய பிறகும் யாரும் அவரை மிளகு பறிக்கக் கூப்பிடவில்லை. தங்கை வந்து, இனி ஏறினால் தன் முகத்தில் முழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். மரவள்ளியும் கொஞ்சம் ராகியும் போட்டுக்கொண்டு சும்மா கிடந்தார்.

நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று விளக்கியபோது, கேமராவைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"ஏனுங்க சார், இந்தப் பொட்டி நடையைப் பாத்தே காலு நல்லாருக்குது, நல்லாயில்லைன்னு சொல்லிப்போடுமுங்களா?"

"சொல்லுமுங்கண்ணா. ரெண்டு காலும் சமமாப் போகுதான்னு காட்டிக் குடுத்துரும்."

"அப்ப என்னையும் புடிங்க. பொட்டி ஏறலாமுன்னா ஏறறேன். வேண்டாமுன்னா ஏணியை ஒடைச்சு அடுப்புல வெச்சுடறேன். தங்கச்சிகிட்டயும் உங்க பேரைச் சொல்லிக்கறேன்."

இதுவரை என் ஆய்வைப் பற்றி எவரும் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. கட்டாயம் பார்த்துச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

வேலை தொடங்கியதும் முதல் நாளே இடித்தது. அங்கே பெரும்பாலோர் வெறுங்காலோடு நடப்பவர்கள். செம்மண்ணிலேயே புழங்கிய கால்கள். மண்ணும் பாதமும் ஒரே நிறம். சோதித்துப் பார்க்கக் கொண்டுபோயிருந்த லேப்டாப்பில் காட்டினால் கணுக்காலோடு ஆளை வெட்டிவிடும், பாதத்தை மண்ணென்று நினைத்துக் கழித்துவிடும். இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் அடிவாரத்துக்கு இறங்கிப் போய் அகலமான வெள்ளைக் காடாத்துணி நீளமாக வாங்கி வந்தேன். வெள்ளையடித்த சுவர் ஒன்றின் ஓரமாகத் தரையில் அதை விரித்து, காற்றுக்குப் பறக்காமல் நாலு பக்கமும் கல் வைத்தேன். பாதம் பளிச்சென்று தெரிந்தது. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மக்கள் வந்தார்கள். அவரே நாலு வீடு சொல்லி அழைத்து வந்தார். ஒருத்தரும் மறுக்கவில்லை. செருப்புப் போட்டிருந்தவர்கள் கழற்றிவிட்டு வந்தார்கள். தலையில் சும்மாடு வைத்திருந்த பெண்கள் அதை இறக்கிக் கையில் வைத்துக்கொண்டார்கள். ஒரு பெண் குனிந்து துணியின் ஓரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டு, நிமிர்ந்து, அடிமேல் அடி வைத்து அந்தத் துணியைக் கடந்தார்கள். எவ்வளவு ஒழுங்கான மக்கள் என்று நான் நோட்டில் எழுதி வைத்தேன். இப்போது அந்த வரியைப் பார்த்தால் என்னையே அறையலாம் போலிருக்கிறது.

அவரும் நடந்தார். வலமும் இடமும் ஒன்றுபோல நேராக நடந்தார். நடந்து முடித்ததும் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "போதுங்களா?" என்றார். போதும் என்றேன். நான் துணியை மடிக்க ஆரம்பித்தேன். அவர் வீட்டைப் பார்த்துக் கிளம்பினார்.

அவரோடு நடப்பதில் எனக்கு ஓர் எரிச்சல் இருந்தது. அந்த மலைப்பாதைகளில் இருவர் சேர்ந்து நடக்க முடியாது, ஒருவர் பின் ஒருவராகத்தான் போக வேண்டும். முன்னால் போகிறவர் பாதை திரும்பும் இடத்தில் சற்று நிற்பார். பின்னால் வருகிறவர் கண்ணில் பட்டதும் மேலே போவார். அங்கே எல்லாருக்கும் அது பழக்கம். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள், காலடிச் சத்தம் காதில் விழுந்தால் போதும். தனியாகப் போகும்போதும் அவர் வளைவில் ஒரு நொடி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். யாருக்காக என்று கேட்டதில்லை. எனக்கோ நடந்தால் நடந்துகொண்டே இருக்க வேண்டும். நான் முன்னால் போனால் ஓரிடத்திலும் நிற்க மாட்டேன். அவர் பின்னால் எவ்வளவு தூரத்தில் வருகிறார் என்று திரும்பிப் பார்த்த ஞாபகமே இல்லை. டீக்கடையில் போய் உட்கார்ந்து பாதி டீ குடித்த பிறகு வந்து சேர்வார். இடுப்பு அடிபட்ட மனிதர் ஏன் இவ்வளவு தாமதமாக வருகிறார் என்று, நடையை அளக்க வந்த மேதாவிக்குத் தோன்றவில்லை. கேமராவுக்கு வெளியே அவர் எப்படி நடக்கிறார் என்று நான் ஒருநாளும் கவனித்ததில்லை.

கேசட்டுகளோடு சென்னைக்குத் திரும்பினேன். முதலில் அவருடைய கணக்கைத்தான் எடுத்தேன். இடது எட்டும் வலது எட்டும் அச்சு அசலாய் ஒன்று. இடது கால் நிற்கும் நேரமும் வலது கால் நிற்கும் நேரமும் ஒன்று. மிளகுப் பருவம் தொடங்கும் சமயம். டீக்கடைக்குப் போன் போட்டு, அவரைக் கூப்பிட்டு வரச் சொல்லிக் காத்திருந்து, நானே என் வாயால் சொன்னேன்.

"அண்ணா, காலு நல்லா இருக்குதுங்க. ரெண்டும் சமம்."

"ஏறலாமுங்களா?"

"ஏறலாமுங்க."

போனில் அவர் சிரித்தது கேட்டது. பக்கத்திலிருந்தவர்களிடம் சத்தமாக, "கேட்டீங்களா, மெட்ராசுல பொட்டியே சொல்லிப்போடுச்சு" என்றார். அன்று முழுக்க நான் காற்றில் நடந்தேன்.

மற்றவர்களின் கணக்கும் ஒவ்வொன்றாக வந்தது. எல்லாருக்கும் எட்டு குட்டை. எல்லாரும் மெதுவாக நடந்தார்கள். பேராசிரியருக்கு ஒரே குஷி. மலையில் வாழ்கிறவர்களுக்கு நடையே இப்படி அமைந்துவிடுகிறது என்று ஒரு கட்டுரைக்குத் தலைப்பே வைத்துவிட்டார். எனக்கு உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது. அதே ஆட்கள் பலாப்பழத்தைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க என்னைத் தாண்டி ஓடியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். இருந்தாலும் கணக்கு கணக்குதானே என்று வாயை மூடிக்கொண்டேன்.

சில வாரம் கழித்து, கேசட்டுகளைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொருவர் நடந்து முடித்ததும் காற்று வருவதற்குள் துணியைப் பிடிக்க ஓடுவேன், கேமராவை அப்புறம்தான் நிறுத்துவேன். அதனால் ஒவ்வொன்றின் கடைசியிலும் வேண்டாத துண்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அதையெல்லாம் நான் பார்த்ததே இல்லை. அன்று பிரதி எடுக்கும்போது அவருடைய கேசட் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

திரையில் அவர் துணியை விட்டு இறங்கினார். மண்ணில் கால் வைத்த மறு நொடி இடது இடுப்பு இறங்கியது. அடுத்த எட்டில் இன்னும் இறங்கியது. இடது காலை வைத்தும் வைக்காததுமாக எடுத்து, உடம்பு முழுவதையும் வலதில் போட்டு, தெளிவாக நொண்டிக்கொண்டு போனார். அதை அளக்கக் கம்ப்யூட்டர் வேண்டியதில்லை, கண் இருந்தால் போதும். படத்தின் ஓரத்தில் குனிந்த முதுகு ஒன்று துணி மடித்துக்கொண்டிருந்தது. அது நான்.

பாதை திரும்பும் இடத்துக்குப் போனதும் அவர் நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை. சும்மா நின்றார். கொஞ்ச நேரம் பொறுத்து, தலையை லேசாக ஆட்டிக்கொண்டு, வளைவில் மறைந்தார். நான் அப்போதும் துணியைத்தான் மடித்துக்கொண்டிருந்தேன்.

மற்ற கேசட்டுகளையும் கடைசிவரை ஓட்டினேன். துணியை விட்டு இறங்கியதும் ஒவ்வொருவருக்கும் நடை மாறியது. எட்டு நீண்டது, கை வீச ஆரம்பித்தது, சிரிப்பும் பேச்சும் வந்தது. எங்கள் ஊர்ப்பக்கம் அதற்கு ஒரு பெயரே உண்டு, நடைபாவாடை. சாமி வரும்போதும், பாடை போகும்போதும் தெருவில் வெள்ளைத் துணி விரிப்பார்கள். சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவன் நான். படித்த படிப்பில் அது எந்தப் பக்கம் போய் ஒளிந்துகொண்டதோ தெரியவில்லை. துணியை விரித்துவிட்டு, அதன்மேல் உங்கள் சொந்த நடையை நடங்கள் என்று அந்த மக்களிடம் கேட்டிருக்கிறேன்.

டீக்கடைக்குப் போன் போட்டேன். கை வியர்வையில் ரிசீவர் வழுக்கியது. அவரை உடனே மரத்திலிருந்து இறங்கச் சொல்லுங்கள் என்று கத்தினேன். கடைக்காரர் நிதானமாகச் சொன்னார்.

"முந்தாநேத்தே உளுந்துட்டாருங்களே. கீழ ஆஸ்பத்திரியில சேத்திருக்குதுங்க."

அடுத்த பஸ்ஸில் கிளம்பினேன். மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரைப் பிடித்துக் கேட்டேன். இடுப்பு எலும்பு அதே பக்கம் முறிந்திருக்கிறது, ஊன்றுகோலோடு நடக்கலாம், மரம் ஏறுவதைப் பற்றியெல்லாம் இனி நினைக்கவே வேண்டாம் என்றார். விழுந்தவரிடம் அதை இன்னும் சொல்லவில்லையாம்.

வார்டில் அவர் சுவர்ப்பக்கம் முகத்தை வைத்துப் படுத்திருந்தார். நான் கட்டிலை நெருங்கும் முன்பே, திரும்பாமல், "வாங்க சார்" என்றார்.

"எப்படிங்கண்ணா தெரிஞ்சுது?"

"எங்கியும் நிக்காம வர்ற காலு உங்களுதுதானுங்களே."

ஸ்டூலில் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு உங்கள் காலில் இல்லை, என் துணியில், உங்களை விழ வைத்தவன் நான்தான் என்றேன். கடைசியில் நானே கேட்டேன்.

"துணிமேல நடந்தப்ப வலிச்சுதுங்களா?"

"உசுரு போற மாதிரி வலிச்சுதுங்க."

"அப்புறம் ஏங்கண்ணா நேரா நடந்தீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். சின்னப் பிள்ளையைப் பார்ப்பது போலத்தான் பார்த்தார்.

"எம் பொண்டாட்டி போனப்ப விரிச்ச துணிமேல நடந்தனுங்க. அதுக்கப்புறம் உங்க துணிதான். துணிமேல எப்பிடிங்க நொண்டறது?"

எனக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். இவர் நிமிர்ந்து உட்கார என்னிடம் கையை நீட்டினார். பிடித்துத் தூக்கினேன். அத்தனை நாள் ஒரே வீட்டில் இருந்தும் அவரை நான் தொட்டது அதுதான் முதல் தடவை. உட்கார்ந்த பிறகும் அவர் கையை விடவில்லை. துடைத்துக்கொள்ளவும் இல்லை.

"செரி, அது போச்சு. பொட்டி இப்ப என்ன சொல்லுதுங்க? இது கூடுனதுக்கப்புறம் ஏறலாமுங்களா?"

இன்னமும் நம்பித்தான் கேட்டார். தங்கை வந்து சொல்லட்டும், டாக்டர் சொல்லட்டும் என்று எழுந்து போயிருக்கலாம். முதல் தடவை கேட்டபோது எவ்வளவு சுலபமாகப் பதில் சொன்னேன் என்பது நினைவுக்கு வந்தது.

"இல்லீங்கண்ணா. இனி ஏற முடியாதுங்க."

அவர் கை என் கையிலேயே இருந்தது.

"நான் தங்கச்சி ஊட்டுக்குப் போயிருவனுங்க. நீங்க மேல போயி, ஏணி மரத்துலயே சாஞ்சு கெடக்கும், எடுத்து உள்ள வெச்சுருங்க. மழையில கெடக்க வேண்டாம். வரும்போது ரேடியோவும் கம்பளியும் கொண்டாந்துருங்க."

அடுப்பில் வைத்துவிடச் சொல்லவில்லை. நானும் அதை நினைவுபடுத்தவில்லை.

ஆய்வை முதலிலிருந்து செய்தேன். அந்த ஊரிலேயே ராகி காயப்போடும் கரும்பாறை ஒன்று அகலமாக இருந்தது. செம்மண் கால்கள் அதில் துலக்கமாகத் தெரிந்தன, துணியே வேண்டியிருக்கவில்லை. முதல் தடவை தங்கியிருந்தபோது தினமும் இரண்டு முறை அதைத் தாண்டித்தான் போய்வந்துகொண்டிருந்தேன். ஆனால் அது பிறகு நடந்தது. அன்று நான் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே மலைக்குப் போனேன்.

ஏணி மரத்தில்தான் சாய்ந்திருந்தது. அதற்கு மேலே கொடியில் பாதி பறித்தும் பாதி பறிக்காமலும் மிளகு இருந்தது. ஒற்றை ஆளாக ஏணியை இறக்க முடியாமல் இரண்டு முறை கீழே போட்டு, கடைசியில் இழுத்துக்கொண்டே போய் வீட்டுக்குள் வாசற்படி ஓரமாகக் கிடத்தினேன். வீட்டில் அவர் தட்டு கழுவிக் கவிழ்த்தபடி இருந்தது. ரேடியோவைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு கதவைப் பூட்டினேன்.

பாதையில் இறங்கும்போது, முதல் வளைவில் என் கால் நின்றது. நான் நிற்க நினைக்கவில்லை. பின்னால் வர யாருமில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும், இருந்தும் காலடிச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு நின்றேன். அந்த கேசட்டில் அவர் எனக்காக எவ்வளவு நேரம் நின்றார் என்பதைப் படம் படமாக எண்ணி வைத்திருந்தேன். அவ்வளவு நேரம் நின்றேன். அதற்குள் கீழே டீக்கடையில் பஸ் வந்து ஹாரன் அடித்தது. அது கிளம்பிப் போகும் சத்தமும் கேட்டது.